ஞானையா வெட்டிய ஆண்மரங்கள்

கடலொன்று அலையெடுத்த நொடியில் அப்படியே உறைந்துபோயிற்றோ என்று கண்டோர் மருளும் வண்ணம், குன்றின்மேற் குன்றாய்ப் பொன்மணல் குவிந்துகிடக்கும் பெரும்பாலையின் வடவிளிம்பில், பிறைநிலவை நிலத்தில் கிடத்தினாற்போல் வளைந்து கிடக்கின்றன லிவாவின் பேரீச்சந்தோப்புகள். மாசித் திங்களின் இளங்காலை. ஓலைநுனிகளிலிருந்து பனிநீர் சொட்ட, நீரிறைக்கும் பொறிகள் முனக, ருவைசின் எண்ணெய் ஆலைகளை நோக்கி விரையும் சரக்குந்துகளின் இரைச்சல் தொலைவில் தேய்ந்தழிய, பெண்பேரீச்சைகளின் பாளைகள் ஒவ்வொன்றாய் வெடிக்கத் தொடங்கும் வேளை. கற்றறிந்த பெரியீர், இத்துணை அழகும் தன்னைச் சூழ நின்ற ஞானையா என்பான் அதில் ஒன்றையும் கண்டானில்லை. அவன் கண்டதெல்லாம் தன் மனைவி தங்கபுஷ்பத்தின் முகமே. அம்முகம் நன்றாக இல்லை.

குளச்சலை அடுத்த கடலோரச் சிற்றூரில் பிறந்து, முப்பது ஆண்டு வலைவீசி, ஈசா என்னும் அரபுப் பெரியவரின் படகில் மீன்பிடிக்க வளைகுடாவுக்கு வந்தவன் ஞானையா. முதுமையில் கடல் சலித்த ஈசா படகை விற்று, நாற்பத்துநான்கு பேரீச்சைகள் நின்ற தோட்டமொன்றை வாங்கினார். ஞானையாவையும் படகோடு சேர்த்துத் தள்ளிவிட மனமின்றிக் கூடவே கொண்டுவந்தார். தங்கபுஷ்பமும் வந்துசேர, இருவரும் மூன்றாண்டுகளாய் உப்புப் பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து, ஒட்டகச் சாணம் கலந்து, மணல் புகாவண்ணம் ஓலைவேலி கட்டி, சொட்டுநீர்க் குழாயின் கண் அடைக்குந்தோறும் வாயால் ஊதித் திறந்து, வெண்டையும் சுரையும் விளைத்தனர். அவ்விடத்துக் காற்று எத்தகையதெனில், கொடியில் உலர்த்திய ஞானையாவின் சட்டையை ஓமன் எல்லைவரை கொண்டுசென்று, பொத்தான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாள் அதே கொடியில் போட்டுச் சென்றதாம். ஐயுற்றோர்க்கு அவன் பொத்தானற்ற சட்டையைச் சான்றாகக் காட்டுவான்.

ஊரில் அவர்கள் வீடு நின்ற இடத்தில் இப்போது அலை நின்றது. திரும்பிச் செல்வதற்கு நிலமென்று ஒன்றில்லை. ஈசாவோ கார்த்திகையில் வந்து, "இவ்வாண்டு ஆள் அனுப்பமாட்டேன்; நீங்களே பார்த்துப் பழம் நன்றாய் வந்தால் நீங்கள் இங்கே தங்கும் இசைவைப் புதுப்பித்துத் தருவேன், இல்லையேல் தோட்டத்தை விற்றுவிடுவேன், நீங்கள் ஊர் திரும்பலாம்" என்று சொல்லிப் போனார்.

அச்சொல் ஞானையாவின் நெஞ்சில் சுறுசுறுப்பை மூட்டியது, அறிவை மூட்டவில்லை. தை மாதத்தில், மகள் ஜினியின் பேறுகாலத்துக்காகத் தங்கபுஷ்பம் ஊரில் மருமகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவன் மரங்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தான். நான்கு மரங்கள் ஒருமுறையேனும் காய்த்ததில்லை. காய்க்காத தென்னையை வெட்டி அதன் நீரைப் பிற மரங்களுக்கு விடுதல் அவன் ஊர் வழக்கம். தென்னை ஒரே பாளையில் ஆணும் பெண்ணுமாய்ப் பூப்பது. பேரீச்சையிலோ ஆண் ஒரு மரம், பெண் ஒரு மரம். முன்னாண்டுகளில் ஈசா அனுப்பிய கூலியாட்கள் ஏணி சாத்தி ஆண்பூவைப் பெண்பாளையில் வைத்துக் கட்டிய வேளையெல்லாம் இவன் சுரைக்குப் பந்தலிட்டுக்கொண்டிருந்தான். எனவே நான்கையும் அறுத்து வீழ்த்தி, எரித்து, சாம்பலை வெண்டைக்கு இட்டுக் கைகழுவினான்.

முந்தைய நாள் மாலைதான் திரும்பியிருந்த தங்கபுஷ்பம் அந்த மாசிக் காலையில் கேட்டாள்: "அந்த நாலு மரம் எங்க?"

"மலடு. வெட்டிப்போட்டேன்."

"பாளை விட்டுதா, இல்லியா?"

"விட்டுது. பூவாக் கொட்டிச்சு. ஒரு காய் பிடிக்கல்ல."

"எங்க அப்பன் பனையேறி. ஆண்பனை எது, பெண்பனை எதுன்னு நடக்கப் படிக்குதுக்கு முன்னயே எனக்குத் தெரியும். நீங்க வெட்டினது மலடு இல்ல மனுசா, ஆம்பளை மரம்! நாப்பது பொண்ணு நிக்கிய வீட்டுல மாப்பிள்ளைமாரை எல்லாம் அடுப்புல வச்சிட்டு நிக்கியளே!"

"தண்ணி மிச்சமாச்சுல்லா," என்றான் ஞானையா, மெல்ல.

"பக்கத்துத் தோட்டத்துல ஹசன் அலிக்கிட்ட ஆண்பூ நிக்குது. போய்க் கேளுங்க. பாளை வெடிச்சு நாலஞ்சு நாளைக்குள்ள கட்டல்லன்னா எல்லாம் சூம்பிப்போவும்."

"அவங்கிட்டயா? நான் போவமாட்டேன்."

"அப்பம் கடலுக்குள்ள போய் வீடு கட்டுங்க."

போகமாட்டேன் என்றதற்குக் காரணம் இருந்தது. முசஃபாவின் பட்டறைகளில் தமிழரோடு பல்லாண்டு உழைத்துக் கொஞ்சம் தமிழ் கற்ற பலூச்சியன் ஹசன் அலி. அவனுடைய வெள்ளாடு ஞானையாவின் வெண்டைப் பாத்தியில் புகுந்து மேய்ந்ததற்காக, இவன் அதனை மூன்று நாள் கட்டிவைத்து, கள்வனை எதிரே கண்டால் எவ்வாறு ஏசுவானோ அவ்வாறே ஏசியிருந்தான். அன்றுமுதல் இரு தோட்டத்தார்க்கும் பேச்சில்லை.

எனினும் சென்றான். செய்தியைக் கேட்ட ஹசன் அலி முதலில் நம்பவில்லை. நம்பியபின் மணலில் அமர்ந்து, தலைப்பாகை அவிழ்ந்து மடியில் விழுமளவும் சிரித்தான்.

"பாய், ஆண் மரம் மாஃபி, இல்லை; பழம் மாஃபி! கலாஸ், முடிஞ்சுது!"

"தெரியும் பாய். கொஞ்சம் பூ தரணும். அன்னைக்குப் பேசினதுக்கு சாரி."

"எனக்கு எதுக்கு சாரி? என்னையா கட்டிவச்சே? ஆட்டுக்குச் சொல்லு."

விளையாட்டென்று எண்ணி ஞானையா சிரித்தான்; ஹசன் அலி சிரிக்கவில்லை. ஆகவே, புயலிலும் தலைகுனியாத அக்கடலோடி, வெள்ளாட்டின் முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வைக்காதம்மா," என்றான். ஆடு நெடுநேரம் எண்ணிப் பார்த்தது. பின்னர் தலையை அசைத்ததாக ஞானையா சொல்வான். ஈயை விரட்டியதாகத் தங்கபுஷ்பம் சொல்வாள். எவ்வாறாயினும் ஹசன் அலி ஏணியை எடுத்தான்.

மாவு பூசினாற்போல் வெண்தாது உதிரும் ஆண்பூங்கதிர்கள் ஒரு கூடை நிறையக் கிடைத்தன. பனையேறியின் மகள் ஏணியில் ஏறி, ஒவ்வொரு பெண்பாளையிலும் நாலைந்து கதிர்களைத் தலைகீழாய்ச் செருகி நாரால் கட்ட, கடலோடி கீழே நின்று ஏணியைப் பிடித்தான். பாளைகள் வெடிக்க வெடிக்க இவ்வாறே கூடையோடு நடந்து, பங்குனி பிறக்குமுன் நாற்பதையும் கட்டி முடித்தனர். ஆடியில் குலைகள், தேனில் முக்கியெடுத்த மணித்திரள்களென, தண்டு தாங்காது சாய்ந்து தொங்கின.

ஈசா வந்தார். ஒரு பழத்தைச் சுவைத்துக் கண்மூடினார். கண்திறந்தபோது நான்கு வெற்றிடங்களைக் கண்டார். "என் ஆண்மரங்கள் எங்கே?"

தங்கபுஷ்பம் கணவனைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் அரிதாகவே செய்ததொன்றை ஞானையா அப்போது செய்தான், உண்மை உரைத்தான். "அர்பாப், என் முதலாளியே, மலடு என்று எண்ணி நானே வெட்டிவிட்டேன்."

ஈசா அவனை உற்றுநோக்கினார். அவர் முகம் இறுகியது. "நாற்பது மரத்தை இவ்வாறு காய்க்கச் செய்தவன் ஆணென்றும் பெண்ணென்றும் அறியாமல் வெட்டினானாம்! என்னைச் சிறுபிள்ளை என்று எண்ணினாயா? விற்றுவிட்டாயோ? நடந்ததைச் சொல்."

ஞானையா மீண்டும் அதனையே சொன்னான். ஈசா வண்டியை நோக்கித் திரும்பினார். அந்நொடியில் ஞானையாவின் நாவு அவனைக் கேளாமலே அசைந்தது. "வண்டு அர்பாப். செவ்வண்டு துளைத்துவிட்டது. மற்ற மரங்களுக்குப் பரவாதிருக்க வெட்டி எரித்தேன்."

ஈசா நின்றார். "எவ்வளவு பெரிய வண்டு?"

"சிட்டுக்குருவி அளவு."

"அல் ஐனில் புறா அளவு என்று கேள்வி," என்றார் ஈசா, வருத்தத்தோடு தலையசைத்து. "எரித்தாயே, அதுதான் அறிவு. நாளை மறுநாள் இருவரும் நகருக்கு வாருங்கள், தங்கும் இசைவுத் தாள்களில் கையொப்பம் இடுவோம்."

வண்டி எழுப்பிய புழுதி அடங்கியபின் தங்கபுஷ்பம் கேட்டாள்: "பொய் சொல்லிட்டியளே?"

"மெய்யத்தான் மொதல்ல சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அவரு எடுக்கல்லியே."

பிறர் மண்ணில் குடிபுகுந்து வேரூன்றினோர் யாவரும் தம் அறிவால் நிலைத்தனர் என்று எழுதுதல் எளிது. கேட்போர்க்கும் அதுவே உவப்பு. ஆயினும் அறியாமல் வெட்டியதும், நாணி இரந்ததும், மெய்யை இருமுறை நீட்டியும் கொள்வாரின்றி மீண்டதும் அவ்வேர்களின் அடியில் எருவாய்க் கிடக்கும். அவ்வெற்றிடங்களில் அவர்கள் நான்கு ஆண்கன்றுகளை நட்டனர். அவை பூக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரையேனும் தாம் அங்கிருந்தாக வேண்டும் என்று இருவரும் எண்ணினர். எண்ணியதைச் சொல்லாது, கன்றுகளுக்கு நீர்விட்டனர்.