தபீதாளின் குரல் பல்லாவரத்தில் கேட்டது

தாம்பரம் ரயில்வே செட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஃபிட்டர் சவுரிமுத்துவின் மகள் தபீதாள் பாடினால் தாம்பரத்தில் கேட்காது, பல்லாவரத்தில்தான் கேட்கும். பேச்சில் ஒரு குறையும் கிடையாது. ரேஷன் கடையில் அவள் போட்ட சத்தத்துக்கு எடை போடுபவர் தராசைத் துடைத்துவிட்டுத்தான் அரிசி நிறுப்பார். பாட்டு மட்டும் வாயிலிருந்து கிளம்பியதும் சானடோரியம், குரோம்பேட்டை ஸ்டேஷன்களைத் தாண்டிப் போய், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குல்ஷன் என்ற பெண் பழைய ரேடியோக்களைப் பரப்பி வைத்திருந்த தார்ப்பாய்க்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் வெளியே வந்தது. இது 1983க்குச் சற்று முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குத்தான் அவளைச் சர்ச் கொயரிலிருந்து நீக்கினார்கள்.

அந்த இடத்தை மகளுக்கு வாங்கிக் கொடுக்கச் சவுரிமுத்து கொயர் மாஸ்டர் வீட்டுக்கு நடையாக நடந்திருந்தார். ஒத்திகையில் கூட்டத்தோடு கூட்டமாக ஒப்பேற்றிவிட்டவளுக்கு, ஆராதனையில் தனியாகப் பாட வேண்டிய அடி வந்தது. தபீதாள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். சபையில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கொயர் மாஸ்டர் எல்லார் முன்னாலும், வாயை மட்டும் அசைக்கிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த சவுரிமுத்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிக்கினு போறதுதானே? நடிச்சி என் மானத்த வாங்கிட்டியே" என்றார். அவள் தொண்டை நோகப் பாடியதாகச் சொன்னதை அவர் நம்பவில்லை. அதன்பின் வீட்டில் அவள் உதடு அசைவதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு தடவை ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டால் அந்த நினைப்பைக் கீழே வைக்கத் தெரியாதவர்.

யாருக்கும் கேட்காது என்று ஆனபிறகு தபீதாளுக்குத் துணிச்சல் வந்தது. துணி துவைக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் மனதில் வந்ததையெல்லாம் பாடினாள். தண்ணீர் லாரி வராததைப் பாடினாள், சீசன் டிக்கெட் எடுத்தும் உட்கார இடம் கிடைக்காததைப் பாடினாள், பெண் பார்க்க வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவர்களைப் பெயர் சொல்லித் திட்டிப் பாடினாள். ராகம் தாளத்துக்கு அவள் கட்டுப்படவில்லை. பிடித்த இடத்தில் கத்தினாள், பிடித்த இடத்தில் முனகினாள். "சவுரிமுத்து மகள் நான், செட்டுக்குப் பின்னால் வீடு, அப்பா என் வாயைப் பார்த்தார், தொண்டையைப் பார்க்கவில்லை" என்று அவள் கட்டிய பாட்டு மட்டும் அடிக்கடி வந்தது. அதைப் பாடி முடித்தால் கொஞ்சம் அழுவாள்.

இதனால் பல்லாவரத்தில் குல்ஷனின் வியாபாரம் முதலில் ஓகோவென்று நடந்தது, பிறகு சந்தி சிரித்தது. சந்தைக்கு வந்தவர்கள் தார்ப்பாயருகே நின்று ஏதாவது ஒரு ரேடியோவின் குமிழைத் திருகுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பாட்டு முழங்கும். இவ்வளவு சுத்தமாக எடுக்கிறதே என்று வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் அது இருமக்கூட இருமாது. அடுத்த வாரம் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாகத் திரும்பி வந்தார்கள். குல்ஷன் ஓர் அட்டையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதித் தொங்கவிட்டாள். அப்படியும் சண்டை ஓயவில்லை. சந்தைக்காரர்கள் கூடி, ஏமாற்று வேலை தொடர்ந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஆகவே 1986ல் ஒரு வெள்ளிக்கிழமை, தன்னிடமிருந்ததிலேயே ஓடக்கூடிய ஒரே டேப்ரிகார்டரை நீட்டி அந்தக் குரலைப் பிடித்தாள். பாட்டிலேயே விலாசம் இருந்ததால் தேடுவது சிரமமாக இல்லை. மறுநாள் மின்சார ரயிலேறி, செட்டில் விசாரித்து, வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, நீ பாட்டுக்கு வூட்ல குந்திகினு பாடுற, அங்க என் யாவாரம் பேஜாராகுது. வெள்ளிக்கெழம மட்டுமாச்சும் வாய மூடிக்கினு இரேன்."

தபீதாளுக்குக் கோபம் வரவில்லை. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அக்கா, உங்களுக்கு என் பாட்டு கேக்குதா?" என்றாள்.

குல்ஷன் டேப்பைத் தட்டிவிட்டாள். கேசட்டில் ஏறிய குரல் எங்கும் ஓடிப்போகாமல் போட்ட இடத்திலேயே பாடியது. தபீதாள் தன் குரலை முதன்முதலாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்த சவுரிமுத்துவும் கேட்டார். கேட்டுவிட்டு, "டேப்புல எவ வேணா பாடலாம்" என்று சொல்லிக் கை கழுவப் போனார். அன்றிலிருந்து தபீதாளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தன் வாயிலிருந்து வருவதை அப்பா பக்கத்தில் நின்று கேட்க வேண்டும், அப்போது அவர் முகத்தை அவள் பார்க்க வேண்டும். ஆனால் பல்லாவரத்தில் போய்ப் பாடினால் குரல் தாம்பரத்தில் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கும் இடத்தில் அவள் இருக்க முடியவில்லை.

செத்த ரேடியோவை வாங்கிப்போய்ச் சண்டைக்குத் திரும்பி வந்தவர்களில் ஏகநாதன் என்ற கிதார்க்காரனும் ஒருவன். விஷயம் தெரிந்ததும் ரேடியோவை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை மாலை வானொலிச் செய்தி தொடங்கும் ஒலி கேட்டதும் அவன் பல்லாவரத்தில் கிதாரை மீட்டுவான், தபீதாள் தாம்பரத்தில் அடுப்படியில் நின்று எடுப்பாள். பாடும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, தாளம் ஒரு நாளும் பிசகியதில்லை. அட்டையில் இருந்த வாசகத்தையே சுருக்கி 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். சுட்ட சோளக்கதிரும் கோழிக்குஞ்சும் வாங்க வந்த ஜனம் நின்று கேட்டது. 1991ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை நிருபர் பூந்தொட்டி வாங்க வந்து கேட்டுவிட்டு, இது ஆல்டர்நேட்டிவ் ராக் என்று எழுதினார். பாடகி எங்கே என்று அவர் விசாரிக்கவில்லை. கேசட்டுகள் போட்டார்கள். அவை பெங்களூர் வரை போயின.

இரண்டு வருடம் கழித்துத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்குக் குழுவை அழைத்தார்கள். பல்லாவரம் சந்தையில் செடிக்கடைக்குப் பக்கத்தில் நின்று பாடினால் குரல் சரியாக அந்த மேடையில் விழும் என்று ஏகநாதன் பார்த்து வைத்திருந்தான். குரல் விழவும் செய்தது. ஆனால் மாணவர்கள் ஆளில்லாத மைக்கைப் பார்த்துவிட்டு, "டேப்பு, டேப்பு" என்று கத்தினார்கள், செருப்பும் பறந்தது. மகள் பெயர் சுவரொட்டியில் இருக்கிறதே என்று சவுரிமுத்துவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பத்து வருடத்துக்கு முந்தைய அவமானம் இரண்டாவது தடவையாகக் கிடைத்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

அன்று பல்லாவரத்திலிருந்து குல்ஷனோடு ரயிலில் திரும்பிய தபீதாளிடம் ஏகநாதன் அனுப்பிய ஆள் வண்டி ஏறும் முன்பே ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லியிருந்தான். இனிமேல் பாடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். அந்த முடிவையும் ஆத்திரத்தில் பாட்டாகவே பாடினாள். குரோம்பேட்டை தாண்டிச் சானடோரியம் வருவதற்கு முன், அந்தப் பாட்டு அவள் வாயிலிருந்தே கேட்டது. மூச்சு விடும் நேரம்தான். பூக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். குல்ஷன் அவள் தொடையைக் கிள்ளினாள். "அடியே, ரயிலு இப்டி வருது, உன் கொரலு அப்டி போவுது. நடுவுல ரெண்டும் ஒரசிக்கினுதான போவணும்!"

மறுநாள் குடை வாங்க வேண்டும் என்று பொய் சொல்லித் தபீதாள் அப்பாவைப் பல்லாவரத்துக்குக் கூப்பிட்டாள். அவர் வேண்டாவெறுப்பாக வந்தார். சானடோரியத்தில் வண்டி கிளம்பியதும், சர்ச்சில் தனியாகப் பாடிய அதே அடியை எடுத்தாள். உதடு அசைவதைப் பார்த்த சவுரிமுத்து வழக்கம்போல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே தண்டவாள ஓரத்துச் சைக்கிள் ஸ்டாண்டை ரயில் கடந்தபோது, காதுக்குப் பக்கத்தில் மகளின் குரல் கேட்டது. திரும்பினார். அவள் வாயைப் பார்த்தார், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். குரல் நின்றது. அவள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்கம்மா போச்சு?" என்றார்.

"இப்ப தாம்பரம் பக்கமா போய்ட்டிருக்கும்பா."

குரோம்பேட்டையில் அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். எதிர் வண்டியில் ஏறிச் சானடோரியம் வந்தார்கள், மறுபடி இந்தப் பக்கம் ஏறினார்கள். ரயில்வே பாஸ் இருந்ததால் கேட்பாரில்லை. விளக்கு போடும்வரை இப்படியே போய்வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நாலைந்து சொல்லுக்காக அவர் எழுந்து நின்றார். கடைசியில் பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "நீ நெசமாத்தான் பாடிக்கினு இருந்திருக்க. நான்தாம்மா பொய்யின்னு இருந்துட்டேன்." தபீதாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. பசிக்கிறது என்றாள். இரண்டு பேரும் போண்டா சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு கச்சேரிகளெல்லாம் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டிலேயே நடந்தன. கல்லூரிப் பிள்ளைகளும் வந்தார்கள், செருப்போடு போனார்கள். தபீதாள் உற்சாகத்தில் தெற்கே ஓரடி வைத்தால் குரல் வடக்கே ஓரடி தள்ளிக் கேட்கும். ஜனம் அதற்குத் தகுந்தபடி நகர்ந்துகொண்டது.

சவுரிமுத்து ஓய்வு பெற்றபின் வெள்ளிக்கிழமைகளில் குல்ஷனின் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அட்டையில் இப்போது 'பாட்டு ரேடியோவிலிருந்து வரவில்லை, ரேடியோவைத் தனியாகச் சோதித்து வாங்கவும்' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, யார் பாடுவது என்று கேட்பதுண்டு. "எம்பொண்ணுதாம்பா. தாம்பரத்துல கொழம்பு வச்சிகினு கீது" என்று அவர் சொல்வார். பாட்டு பாதியில் நின்றால் குழம்பு இறக்கியாயிற்று என்று எழுந்து, முக்காலியை மடக்கிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு ரயிலேறுவார்.