கயிறு வால்டர் கையில்

மைசூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மலை இறங்கிப் பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் நீரடிப் புகைப்படக் கழகம் என்று ஒன்று இருந்தது என்று சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் இருந்தது. நானும் என் கணவர் வால்டரும் அதில் இருந்தோம். தேவராஜ மொஹல்லாவில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்த கிரண்தான் தலைவர். ஒரு காபித் தோட்டக்காரர் போகிற போக்கில் விற்றுவிட்டுப் போன தண்ணீர் புகாத ஜப்பான் கேமரா கழகத்தின் சொத்து. வருடாந்திரப் போட்டியில் ஜெயிப்பவரிடம் அது ஒரு வருடம் இருக்கும். அதற்காக நாங்கள் அடித்துக்கொண்டோம். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்துக்கொண்டோம்.

எங்கள் கடல் என்பது நஞ்சன்கூடு சாலையை விட்டு உள்ளே போனால் வரும் பழைய கல் குவாரி. கல் எடுப்பதை நிறுத்திய பிறகு ஊற்று பொங்கி நிரம்பிவிட்டது. அடியில் ஒரு டிப்பர் லாரி கிடந்தது. எடுக்க வழியில்லாமல் முதலாளி கைகழுவிய லாரி. அதன் கேபினுக்குள் விரால் மீன்கள் குடும்பம் நடத்தின. மார்ச் மாதத்தில் தண்ணீர் தெளிந்து கிடக்கும்போது மேலிருந்தே லாரியின் கூரை தெரியும். காற்று சிலிண்டர் வாங்க எங்களில் யாருக்கும் வசதி கிடையாது. ஈயக்கட்டிகள் கோர்த்த பெல்ட்டை இடுப்பில் கட்டி, மூச்சை அடக்கி இறங்குவோம். மூச்சு இருக்கும் வரைக்கும்தான் படம்.

இடுப்பில் ஒரு கயிறும் இருக்கும். அதன் மறுமுனையைப் பாறைமேல் நின்று ஒருவர் பிடித்திருப்பார். யார் பிடிப்பது என்பதில்தான் எங்கள் கழகத்தின் பைத்தியக்காரத்தனம். போட்டியன்று உன் கயிறு உன் எதிராளியின் கையில் இருக்கும். நண்பன் பிடித்தால் மூச்சு வாங்கத் தூக்கிவிட்டு இல்லையென்று சாதிப்பான், எதிராளி சாதிக்க மாட்டான் என்று யாரோ ஒரு மகான் கண்டுபிடித்த விதி. கீழே இருப்பவர் மூன்று தடவை சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாமலே அசைவு நின்றுபோனாலும் இழுக்கலாம், அது கயிறு பிடிப்பவரின் யோசனை. வேறு யாராவது கயிற்றைத் தொட்டால் இறங்கியவர் போட்டியிலேயே இல்லை.

முந்தின வருடம் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் பசவராஜ் என் கணவரின் கயிற்றைப் பிடித்தார். பயந்துபோய்க் கொஞ்சம் முன்னாலேயே இழுத்துவிட்டார். வால்டர் கரையேறியதும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் வாயில் குத்தினார். முன்பல் ஒன்று பாறையில் விழுந்து துள்ளியது. கிரண் இருவரையும் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்தார். பல் போன வாயால் பசவராஜ் காபியை எப்படிக் குடித்தாரோ தெரியாது.

நான் முதலில் வால்டருக்குத் துண்டும் பிளாஸ்க்கும் தூக்கத்தான் போனேன். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் இறங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வீட்டில் அவருடைய முகம் எந்த நேரத்தில் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. தண்ணீருக்கு அடியில் இரண்டும் இல்லை. யாரும் கூப்பிட முடியாத ஒரு இடம் எனக்குக் கிடைத்தது. அதனால்தான் என் மூச்சு நீண்டதோ என்னவோ. படமும் வந்தது.

அந்த வருடம் அரையிறுதிப் படங்களை கிரண் ஸ்டுடியோ சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். லாரிக் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டீயரிங்கை ஒட்டி நிற்கும் விராலை நான் எடுத்திருந்தேன். வண்டி ஓட்டப்போகிற மாதிரி ஒரு மிடுக்கு அதற்கு. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். வால்டரும் தட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் நாங்கள் இருவரும். புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தண்ணீரிலும் பார்க்கப்போகிறோம் என்று கிரண் கிண்டல் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் வால்டர் கதவைச் சாத்தினார். என் வலது கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த வெரல்லதான பட்டன அமுக்கின?"

ஆள்காட்டி விரலைப் பின்பக்கமாக மடக்கினார். உடைகிற சத்தம் எனக்குப் பழக்கம், வார்டில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். என்னுடையது என்று தெரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவரே டவலை நனைத்துக் கொண்டுவந்தார். அழுதார்கூட. மறுநாள் டாக்டரிடம் கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கட்டுப் போட்டார்.

இறுதிப் போட்டிக்கு நான் வரமாட்டேன் என்று வால்டர் நினைத்தார். வந்தேன். கட்டோடு என்னைப் பார்த்ததும் பாறைமேல் இருந்தவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

முதலில் வால்டர் இறங்க வேண்டும். இடுப்பில் முடிச்சுப் போட்டு, கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கவனமாகப் பிடி என்றும் சொல்லவில்லை. விரலை உடைத்த கை, உடைபட்ட அந்தக் கையிடமே உயிரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தண்ணீருக்குள் போகிறது. விரல் உடைந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்கிற அந்த நிச்சயம் என் உடம்பை எரித்தது.

கயிறு விரல்களுக்கிடையில் நழுவிப் போனது, நின்றது, அசைந்தது. பிறகு அசையவில்லை. படம் எடுக்கிறார் என்று இருந்தேன். அப்புறமும் அசைவில்லை. கேமரா மேல் இருந்த வெறியில் மூச்சு முட்டுவது தெரியாமல் மயங்கியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் புரிந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே தோன்றியது. ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சுண்டவில்லை, நான் இழுக்கவில்லை, விதி அப்படி.

இழுத்தேன். கட்டுப் போட்ட விரலோடு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன், வலியில் வாய்விட்டுக் கத்தினேன். பசவராஜ் ஓடிவந்து தோளைப் பிடித்து ஏற்றினார். உதடு நீலம், மூக்கில் ரத்தம். கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்து, மல்லாக்கப் புரட்டி, வாயில் வாய் வைத்து ஊதினேன். தண்ணீரைக் கக்கி, இருமி, கண்ணைத் திறந்தார்.

திறந்ததும் முதல் வேலையாக என் கன்னத்தில் அறைந்தார்.

"நல்ல படம் கெடச்ச நேரத்துல இழுத்துட்டியாடி. பிளான் பண்ணிதான இழுத்த?"

நான் எழுந்தேன், இன்னொன்று விழுந்தது. காது ரீங்கரித்தது. பசவராஜ் குறுக்கே வரப் பார்த்தார், கிரண் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு என்னிடம் வந்து, மெதுவான குரலில், "மோலி, வீட்டு விஷயம்மா இது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. இவ்ளோ நேரம் எடுத்த படம் அவருக்கு கணக்குல இருக்கும், விடுங்க" என்றார்.

அடுத்தது என் முறை. என் கயிற்றைத் தான் பிடிக்கிறேன் என்று பசவராஜ் கேட்டார். வால்டர் சம்மதிக்கவில்லை. விதி விதிதான், இல்லாவிட்டால் அவள் விலகட்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விலகிவிட்டால் அவர்களுக்கெல்லாம் எவ்வளவு வசதி. கேமராவுக்குப் புது ஃபிலிம் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கயிற்றைக் கட்டி, முனையை வால்டர் கையில் கொடுத்தேன். ஜெயிக்க ஆசை இருந்தது. அதைவிட, அவர் என்னை இழுப்பாரா என்று தெரிய வேண்டியிருந்தது. எட்டு வருடக் கல்யாணத்தில் தெரிந்துகொள்ளாத ஒன்று அது. அடித்தாலும் சாகவிட மாட்டார் என்று நம்பித்தான் நான் அந்த வீட்டில் படுத்து எழுந்துகொண்டிருந்தேன்.

லாரிக் கதவை நெருங்கியபோது இடுப்பில் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. முகம் போய்க் கதவு விளிம்பில் மோதியது. உதடு கிழிந்து வந்த ரத்தம் அந்த ஆழத்தில் பச்சையாகத் தெரிந்தது. கேபினுக்குள் இருந்த விரால் மிரண்டு புழுதியைக் கிளப்பியது. மறுபடி ஒரு இழுப்பு. மேலே தூக்குவதற்கான இழுப்பு இல்லை, அலைக்கழிப்பதற்கான இழுப்பு. மாட்டைக் கட்டி இழுப்பது போல.

முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கயிற்றை லாரிக் கதவின் கைப்பிடியில் கட்டினேன். இடுப்பு லேசானது. நடுவிரலால் பட்டனை அமுக்கி, புழுதிக்கு நடுவே திரும்பி என்னை முறைத்த விராலை எடுத்தேன். பிறகு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறை மடிப்பைச் சுற்றி மறுபக்கம் போனேன். மேலே வந்து சத்தமில்லாமல் மூச்சு விட்டேன், பாறையைப் பற்றிக்கொண்டு ஈயப் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டேன். பாறை இடுக்கு வழியாக அவர்கள் எல்லோரும் தெரிந்தார்கள். நான் யார் கண்ணிலும் படவில்லை.

வால்டர் கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கயிறு அசையவில்லை. அசைவு நின்றால் என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பாறையில் யாரும் இல்லை, கொஞ்ச நேரம் முன்னால்தான் அதிலிருந்து பிழைத்து வந்திருந்தார். காத்திருந்தேன். இப்போது இழுப்பார், இப்போது இழுப்பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவருக்காக வேண்டிக்கொண்டுகூட இருந்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிடியைத் தளர்த்தி, கயிற்றை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டான்.

கேமராவில் ஃபிலிம் மீதி இருந்தது. அதைத் தூக்கி அவனை எடுத்தேன். நாளைக்கு நானே இதை நம்பாமல் போய்விடுவேன் என்கிற பயத்தில் எடுத்தேன்.

"எளீரி சார், இழுங்க. அக்கா ஆடவே இல்ல" என்று பசவராஜ் கத்தினார். சுண்டவில்லையே, எதற்கு இழுக்க வேண்டும் என்றான் வால்டர். பசவராஜ் கயிற்றைப் பிடுங்கப் பாய்ந்தார். வால்டர் காலடியில் கிடந்த தன் ஈயப் பெல்ட்டை எடுத்துச் சுழற்றினான். பசவராஜின் காதுக்கு மேலே பட்டது. அவர் முட்டி போட்டு விழுந்தார், விழுந்தும் கயிற்றை விடவில்லை. இரண்டாவது அடி முதுகில். கிரணும் மற்றவர்களும் சிலை மாதிரி நின்றார்கள். ஒரு மனிதன் என்னை இழுக்க முயன்றதற்காக அடி வாங்கிக்கொண்டிருந்தார், என் புருஷன் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்ற நம்பிக்கையில் அவரை அடித்துக்கொண்டிருந்தான்.

பாறைமேல் ஏறினேன்.

"வால்டர், அவர விடு. நான் இங்க இருக்கேன்."

திரும்பினான். உயிரோடு என்னைப் பார்த்த அந்த முகத்தில் ஒரு சொட்டு நிம்மதி இல்லை. கையும் களவுமாக அகப்பட்ட திருடியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்தாயா, ஏமாற்றினாயா என்று கேட்டுக்கொண்டே, பெல்ட்டை ஓங்கியபடி வந்தான்.

எட்டு வருடமும் நான் பின்னால் நகர்வேன், சுவர் வரும், அங்கே உட்காருவேன். அன்றைக்கு நகரவில்லை. தோளில் கிடந்த என் பெல்ட்டை இடது கையில் எடுத்து, அவன் கை இறங்குவதற்குள் அந்தக் கையையே பார்த்து வீசினேன். மணிக்கட்டு முறிந்தது. அவன் உட்கார்ந்தான். இன்னொரு தடவை ஓங்கினேன், அடிக்கத்தான் ஓங்கினேன், தலையைத்தான் குறி வைத்தேன். அவன் மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். என்னைப் போலவே மூடிக்கொண்டான். எனக்குக் குமட்டியது. பெல்ட்டைத் தண்ணீரில் போட்டேன்.

"நான் உன்ன இழுத்தேன்" என்றேன். "நீ என்ன இழுக்கல."

கிரண் இரண்டு அடி முன்னால் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். சமாதானக் காபி பற்றி அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, இதில் இருப்பதை எல்லாம் சுவரில் போட வேண்டும், ஒன்றைக்கூட எடுத்து வைக்கக் கூடாது என்றேன். தலையாட்டினார்.

பசவராஜின் தலையிலிருந்து ரத்தம் காதோரமாக வழிந்துகொண்டிருந்தது. அவரைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்து, டவலை மடித்து அழுத்தினேன். கண்ணைப் பார்த்தேன், பேர் கேட்டேன், ஊர் கேட்டேன். சரியாகச் சொன்னார். தையல் போட வேண்டியிருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை என்றேன்.

"மோலி" என்றான் வால்டர் பின்னாலிருந்து. குரல் மாறியிருந்தது, டவலை நனைத்துக் கொண்டுவரும் நேரத்துக் குரல். "கை ஒடஞ்சிருச்சு மோலி. ரொம்ப வலிக்குது. வந்து பாரேன்."

"இவருக்கு அப்புறம்" என்றேன், வார்டில் சொல்வது போலவே.

அவன் அடங்கி உட்கார்ந்தான். நான் வந்து கட்டுவேன் என்று அப்போதும் அவனுக்கு நிச்சயமாக இருந்தது. பசவராஜின் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி முடித்தேன். அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வால்டர் முறிந்த கையை என்னை நோக்கி நீட்டினான். அவனைத் தாண்டி இருவரும் மெயின் ரோட்டுக்கு நடந்தோம். அங்கே ஆட்டோ கிடைக்கும்.