ஊற்றாமல் விட்ட தண்ணீர்

“சாமிக்கும் திங்கக்கெழம திங்கக்கெழம போன் போட்டு ஞாபகப்படுத்தணுமாம்மா?”

பாப்பா ஒருநாள் இப்படிக் கேட்டாள். அவள் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்த சமயம். அவளுடைய அம்மா தினேஸ்வரி கையில் போனோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த கலாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சாமி மறக்காதுடி. மனுசங்கதான் மறந்துருவாங்க. அவங்களுக்குத்தான் போனு” என்றாள் தினேஸ்வரி.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அவர்கள் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர்கள். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் துணி அறைக்கு ஆள் தேவை என்று தினேஸ்வரிதான் கேள்விப்பட்டு வந்தாள். கலாதேவியைத் தன் மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். இருவரும் மனுக் கொடுத்தார்கள், இருவரையும் இண்டர்வியூவில் கேள்வி கேட்டார்கள். எடுக்கப்போவது ஒரே ஆள் என்றும் சொல்லிவிட்டார்கள். படுக்கை விரிப்புகளையும் நோயாளிகளின் அங்கிகளையும் மடித்து வார்டுகளுக்கு அனுப்பும் வேலை. காலை ஏழிலிருந்து மூன்று வரை. பள்ளிப் பிள்ளை வைத்திருக்கும் தாய்க்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை தவறாமல் தினேஸ்வரி மருத்துவமனைக்குப் போன் செய்தாள். “செலாமட் பாகி, புவான். நான் தினேஸ்வரி. அந்த வேலை விசயமா கேக்கலாம்னு…” என்று அங்கிருந்த அம்மாவுக்கு மலாயில் காலை வணக்கம் சொல்லி ஆரம்பிப்பாள். பாப்பா சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு அதே குரலில் “செலாமட் பாகி, புவான்” என்று சொல்லிக் காட்டுவாள்.

“ஒனக்குக் கூச்சமே இல்லயாடி?” என்று கலாதேவி கேட்டாள்.

“கூச்சப்பட்டா அடுப்பு எரியுமாக்கா? நீயும் ஒரு போன் போடு லா. அந்தப் புவான் ரொஹானா நல்ல மாதிரிதான் பேசுது.”

“வேணும்னா அவங்களே கூப்புடுவாங்க. நாம போயி நிக்கக் கூடாது.”

கலாதேவி கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியும் முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. கூப்பிடும் முன்னே முந்திப் போய் நிற்பவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவளுடைய அப்பா பத்துமலை கடைசிவரை வரிசையில் பின்னால் நின்ற மனிதர். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு வீடுகளாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் கலாதேவியின் மனம் இன்னும் அந்த வரிசையில்தான் நின்றது. அதற்குத் தன்மானம் என்று அவள் பெயர் வைத்திருந்தாள்.

வேலை அவளுக்கும் தேவைதான். கணவன் சுரேன் ஓட்டிய லாரிக்கு வாரத்தில் பாதி நாள் லோடு இல்லை. மகன் பவித்ரனுக்கு அடுத்த வருடம் பெரிய பரீட்சை. தினேஸ்வரிக்கோ கணவன் இறந்துபோய், கேட்க வேறு ஆள் இல்லை. இது கலாதேவிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அது நடந்தது.

வேலை கிடைக்க வேண்டும் என்று தினேஸ்வரி மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். திருவிழா ஒரு வேலை நாளில் வந்தது. பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோதே வெயில் ஏறிவிட்டது. குடம் தலைக்கு ஏறிவிட்டால் கோயில் சேரும்வரை இறக்கக் கூடாது, பேசவும் கூடாது. அதனால் குடம் எடுப்பவரின் செருப்பு, பை, போன் எல்லாவற்றையும் கூட நடப்பவர்தான் வைத்துக்கொள்வார். கொதிக்கும் தாரில் குடம் எடுப்பவரின் பாதம் படும் முன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவதும் கூட நடப்பவரின் வேலைதான். தினேஸ்வரிக்குக் கூட நடந்தவள் கலாதேவி. இரண்டு கையிலும் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள்.

சாலைத் திருப்பத்தில் பைக்குள் போன் அடித்தது. கலாதேவி ஒரு காப்பிக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி எடுத்தாள்.

“தினேஸ்வரியா?” மலாய்ப் பெண் குரல். “மருத்துவமனையிலிருந்து ரொஹானா பேசுகிறேன். வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வர முடியுமா என்று இன்றைக்கே தெரிய வேண்டும்.”

மேளச் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் புடவைகளுக்கு நடுவில் தினேஸ்வரியின் குடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. ‘வருவாள்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் கலாதேவியின் தொண்டைவரை வந்தது.

“அவள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள், புவான்.”

“அப்படியா. நீங்கள் யார்?”

“அக்கா.”

அது ஒன்றுதான் பொய்யில்லை. பூட்டுப் போடாத அந்தப் போனில், வந்த அழைப்பின் எண்ணை அழித்தாள். அதன் பிறகு கால் நகரவில்லை. காப்பிக் கடைக்காரர் “ஏம்மா, தண்ணி வேணுமா?” என்று கேட்டார். கையில் இரண்டு போத்தல் தண்ணீரை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் ஓடிச் சேர்ந்தபோது குடம் கோயில் வாசலுக்குப் போய்விட்டிருந்தது. பால் அபிஷேகம் முடிந்து தினேஸ்வரி தூணோரம் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

“எங்கக்கா போன?”

“கூட்டத்துல மாட்டிக்கிட்டேன்.”

“பரவால்லக்கா, ஆத்தாவுக்குத்தான. யாரும் போன் பண்ணாங்களா?”

“இல்ல.”

மறுநாள் மாலை கலாதேவியின் போன் அடித்தது. பட்டியலில் அடுத்த ஆள் அவள்தான். சரி என்று சொன்னாள்.

தினேஸ்வரியிடம் எப்படிச் சொல்வது என்று அன்று இரவு முழுவதும் புரண்டாள். சொன்னபோது தினேஸ்வரியின் முகம் ஒரு கணம் வெளுத்தது, பிறகு மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் நடிப்பு இல்லை. நொண்டிக்கொண்டே கேசரி கிண்டி எடுத்து வந்தாள்.

“நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்குக் கெடச்சதே பெருசுக்கா. நீ சீக்கிரம் வேலைக்குக் கெளம்பிருவ, பவித்ரன் ஸ்கூலு விட்டு வந்தா எங்கிட்டயே சாப்புடட்டும்.”

“நீ இன்னும் போன் போட்டுக் கேளுடி. வேற வேலை வரும்.”

“ஒரு வேலைதான இருந்துச்சு. இனி என்னான்னு கேக்குறது?” கேசரிக் கிண்ணத்தைக் கலாதேவி பக்கம் நகர்த்தினாள். “தப்பு எம்மேலதான்க்கா. வெரதத்துல பாப்பாவுக்குக் கோழி சூப்பு வச்சேன்ல, உப்புப் பாக்குறேன்னு நாக்குல வச்சிட்டேன். ஒடனே துப்பிட்டேன். ஆனா ஆத்தாவுக்குத் தெரியும்ல.”

கலாதேவி கிண்ணத்தில் இருந்த கேசரியை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.

தினேஸ்வரி காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனாள். பாப்பாவைப் பள்ளியில் விடுவதற்குள் அவள் விரல்கள் சோப்பு நீரில் வெளிறிப்போயிருக்கும். திங்கட்கிழமைகளில் அவள் போனைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதும் நின்றது. கேட்டால், “என்ன மொகத்த வச்சிக்கிட்டுப் போறதுக்கா” என்பாள். கலாதேவியை மிகவும் வாட்டியது இதுதான். வேலையை எடுத்துக்கொண்டது ஒரு பாவம். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு ஒருத்தி சாமியிடம் முகம் காட்டக் கூசுகிறாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஏதாவது செய்து ஆற்றிக்கொள்ளப் பார்த்தாள். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வேலி தாண்டிப் போகும். அந்தக் கிண்ணம் ஒருபோதும் காலியாகத் திரும்பவில்லை. ரசமோ, நாலு பலகாரமோ, ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையோ இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் அவளுடைய பாரம் குறையவில்லை.

தகுதிகாண் காலம் முடியும் சமயத்தில் ரொஹானா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

“உங்கள் வேலையில் குறை இல்லை. நிரந்தரம் செய்யச் சொல்லி எழுதப்போகிறேன். ஆமாம், உங்கள் தோழி ஒருத்தி இருந்தாளே, திங்கட்கிழமை தவறாமல் போன் செய்வாளே, தினேஸ்வரி. புது இடத்தில் நன்றாக இருக்கிறாளா?”

கலாதேவி சீருடையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நல்ல பெண். தன்னைப் பற்றிக் கேட்டு முடித்ததும், ‘என் பக்கத்து வீட்டு அக்கா கலாதேவி மனுவையும் பாருங்கள், புவான், அவர் கேட்கக் கூச்சப்படுவார், ஆனால் என்னைவிட நன்றாக வேலை செய்வார்’ என்பாள். ஒவ்வொரு தடவையும். உண்மையைச் சொன்னால், அவள் சொல்லித்தான் உங்கள் மனுவை எடுத்துப் பார்த்தேன். அது அடியில் கிடந்தது.”

கலாதேவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தான் வரிசையில் பின்னால் நின்றுகொண்டு தன்மானம் என்று நினைத்திருந்தபோது, ஒருத்தி அவளுக்காகவும் முன்னே போய் நின்றிருக்கிறாள்.

“புவான், அன்றைக்குப் போனில் பேசியது நான். அவள் எங்கேயும் சேரவில்லை. பால்குடம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். நான் பொய் சொன்னேன்.”

ரொஹானாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து அவளைப் பார்த்தார்.

“இதற்காக உங்களை அனுப்பிவிடலாம், தெரியுமா?”

“தெரியும். அனுப்புங்கள். ஆனால் அவளைக் கூப்பிடுங்கள்.”

ரொஹானா மேசைமேல் இருந்த ஷிப்ட் பட்டியலை இழுத்துப் புரட்டினார். கடைசியில், மதிய ஷிப்டில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்த் திரும்பப்போவதில்லை என்றார். அந்த இடம் இருக்கிறது. இரண்டு மணியிலிருந்து இரவு பத்துவரை.

“அந்த நேரம் அவளுக்கு ஆகாது, புவான். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. காலை அவளுடையது. மதியத்துக்கு நான் வருகிறேன், நீங்கள் வைத்துக்கொண்டால்.”

“உங்கள் பிள்ளை?”

“வளர்ந்துவிட்டான். அப்பாவும் இருக்கிறார்.”

“நிரந்தரம் இப்போது கிடைக்காது. இன்னொரு தகுதிகாண் காலம். அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?”

“இடம் காலியானது என்று சொன்னால் போதும். மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.”

அன்று மாலை அவள் வேலியை அடையும் முன்பே தினேஸ்வரி வாசல் கேட்டுக்கு ஓடி வந்தாள். பாப்பா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“அக்கா, புவான் கூப்புட்டுருச்சு லா. நான் போன் போடவே இல்ல, அதுவாக் கூப்புட்டுருச்சு. காலை ஷிப்டாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆத்தா அந்தச் சூப்ப மன்னிச்சிட்டாக்கா.”

“தினேஸு, நான் ஒன்னு சொல்லணும்.”

“சொல்லுக்கா.”

சொற்களை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தினேஸ்வரியின் நெற்றியில் பல நாளைக்குப் பிறகு திருநீறும் குங்குமமும் இருந்தன. போன் வந்த கையோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

“சூப்புல ஒன்னும் தப்பில்லடி. பிள்ளைக்கு உப்புப் பாத்ததுக்கு எந்த ஆத்தா கோவிச்சுக்குவா? ஒன்னோட வெரதம் சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“அதச் சொல்லவா இப்புடி மூஞ்சிய வச்சிருக்க?” தினேஸ்வரி சிரித்தாள்.

மற்றது உள்ளேயே நின்றுவிட்டது. அவளுடைய சந்தோஷத்தைக் காப்பாற்ற நினைத்தாளா, தன் முகத்தைக் காப்பாற்ற நினைத்தாளா என்பது கலாதேவிக்கே தெரியவில்லை. ஏன் மதிய ஷிப்டுக்கு மாறினாய் என்று பிறகு தினேஸ்வரி கேட்டபோது, காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றாள். “சோம்பேறி அக்கா” என்று பாப்பா முன்னால் கேலி கிடைத்தது. பவித்ரன் இப்போது இரவுச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிட்டான்.

காலை வேலையாக இருந்திருந்தால் நடுப்பகல் கலாதேவிக்குக் கிடைத்திருக்காது. இப்போது கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, தினேஸ்வரி துணி அறையிலும் பாப்பா பள்ளியிலும் இருந்த நேரம், கலாதேவி ஒரு சிறிய செம்பில் பாலை ஊற்றி மஞ்சள் துணியால் வாய் கட்டினாள். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்தாள். மேளம் இல்லை. கூட வர ஆள் இல்லை, முன்னால் தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை. மோட்டார்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. வெயிலில் செம்பு தூக்கிப் போகும் ஒரு பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலைத் திருப்பத்தில் காப்பிக் கடைத் தாழ்வாரத்து நிழல் ரோட்டில் விழுந்திருந்தது. அதற்குள் கால் வைக்காமல் சுற்றிப் போனாள். கோயில் வாசலுக்கு வரும்போது உள்ளங்கால் எரிந்து, பிறகு எரிச்சலே தெரியாமல் போயிருந்தது.

நடை சாத்தியிருந்தது. அர்ச்சகர் சாப்பிடப் போயிருந்தார். அவள் மதில் ஓரமாக வேப்பமரத்தடிக்குப் போய், அங்கிருந்த புற்றில் பாலை ஊற்றினாள். மண் அதை உறிஞ்சிக்கொண்டது. என்ன வேண்டிக்கொள்வது என்று யோசித்தாள். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காலிச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த சாலையிலேயே திரும்ப நடந்தாள்.