சந்துக்குள்ள பண்ணின ட்யூனிங்

என் மூஞ்சியில காறித் துப்பணும்னு தோணினா, முழுசா கேட்டுட்டுத் துப்புங்க. பாதியில துப்பினா அது பத்தாது.

எங்கிட்ட ஒரு பழைய பைக் இருக்கு. ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்புரேட்டர். ஒரு கார்புரேட்டர் படுத்துற பாடே தாங்காது. இதுல ரெண்டுன்னா, ரெண்டு மாமியாரை ஒரே வீட்டுல வச்சுக் குடித்தனம் பண்ற மாதிரி. ஒண்ணைச் சமாதானப்படுத்தினா இன்னொண்ணு முறுக்கிக்கும். ரெண்டையும் கழட்டி, சுத்தம் பண்ணி, ஒரே குரல்ல பேச வைக்கிறதுல எனக்கு ஒரு கிறுக்கு. வேலை என்னமோ மூக்குக்கண்ணாடிக் கடையில. லென்ஸ் தேய்ச்சு ஃப்ரேம்ல பொருத்துறவன். கொஞ்சம் பிசகினாலும் போட்டவனுக்குத் தலை சுத்தும். அந்தத் திமிர் எனக்கு வீட்டுலயும் உண்டு. எந்த மெக்கானிக்கையும் என் வண்டியைத் தொட விட்டதில்லை.

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல ஒரு சந்து. அதுதான் என் ஒர்க்‌ஷாப். வண்டியை நிறுத்தினா ஆள் ஒருக்களிச்சுத்தான் போகணும். வண்டியோட இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பலாம். இடது பக்கம் திருப்பினா முன்சக்கரம் சுவர்ல இடிச்சு நின்னுடும்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தேன். பேப்பரை விரிச்சு, கழட்டினதை எல்லாம் வரிசையா வச்சேன். ஜெட்டுன்னு சின்னதா ஒரு பித்தளைத் திருகு இருக்கும், நடுவுல மயிரிழை கணக்கா ஒரு ஓட்டை. பெட்ரோல் அதுவழியாத்தான் போகணும். அவசரக்குடுக்கைங்க அதுல கம்பியை விட்டுக் குத்துவானுங்க, ஓட்டை பெருசாகிப் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பிச்சிடும். நான் அப்படி இல்லை. பெட்ரோல்ல ஊறப் போட்டு, சைக்கிள் பம்பால ஊதி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். ஒரு டூத்பிரஷ் எடுத்து மத்த இடத்தையெல்லாம் தேய்ச்சேன்.

"ஐயையோ, அது என்னோட பிரஷ்ங்க!"ன்னு வீட்டுக்காரி அலறினா.

"பழசுன்னு நினைச்சேன்."

"முந்தாநாள் வாங்கினது! உங்க வண்டிக்குப் பல்லு இருக்கா, விளக்குறதுக்கு?"

மத்தியானம் எல்லாத்தையும் திரும்ப மாட்டினேன். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் ஒரு ஆக்ஸிலரேட்டர் கேபிள். பெட்ரோல் டேங்கைத் தூக்கி, ரெண்டு கேபிளையும் அதுக்கு அடியில நடுவுல ஓடுற சட்டக் குழாய்க்கு வலது பக்கமாக் கொண்டு வரணும். இடது பக்கமாக் கொண்டு வந்தா நீளம் பத்தாது. சந்துல எட்டிப் பாக்க இடம் இல்லை. கண்ணால பாக்காம கையாலயே தள்ளி விட்டேன். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு சைலன்சருக்குப் பின்னாடியும் உள்ளங்கையைக் காட்டி, புகை ஒரே அழுத்தத்துல முட்டுதான்னு பார்த்து, கால் சுத்து அரைச் சுத்துன்னு திருகு திருகா மாத்தி, ஒரு மணி நேரம் போச்சு. கடைசியில வந்துச்சு பாருங்க ஒரு சத்தம், சொக்கிப் போயிட்டேன்.

முடிச்சதும் ஒண்ணு செய்யணும். என்ஜின் ஓடும்போதே ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாக்கணும், சத்தம் ஏறக்கூடாது. ஏறினா கேபிள் எங்கேயோ இழுக்குதுன்னு அர்த்தம். வலது பக்கம் திருப்பினேன். ஏறலை. இடது பக்கம் சுவர். வண்டியை வெளியே தள்ளித்தான் பாக்கணும். போதும், எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில மச்சான் வந்தான். என் வீட்டுக்காரியோட தம்பி, ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கான், ஸ்கூல் வேன் டிரைவர். அவன் வண்டி பஞ்சர். "மாமா, வேன் நிக்கிற இடம் வரைக்கும் உங்க வண்டியைக் கொடுங்க"ன்னான்.

"எடுத்துட்டுப் போடா. இன்னைக்குத்தான் வண்டின்னா என்னன்னு உனக்குத் தெரியப் போகுது."

தெரு முனையில இடது பக்கம் ஒடிக்கணும். மச்சான் ஒடிச்சான். வண்டி அப்படியே பாய்ஞ்சு எதிர்ச் சுவர்ல மோதுச்சு. பஸ்ஸுக்கு நின்ன சனம் மொத்தமும் பார்த்திருக்கு. அதுல அவன் வேன்ல பிள்ளைங்களை அனுப்புற அம்மா ஒருத்தியும் இருந்திருக்கா. நல்லவேளை வேற யார் மேலயும் படலை. அவனுக்கு இடது மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியில அவன் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "நான் முறுக்கவே இல்லை மாமா. திருப்பினேன், அதுவா ஏறிடுச்சு."

எனக்கு வந்துச்சே கோவம்! "ஏன்டா, நேத்து முழுக்க உக்காந்து ட்யூன் பண்ணின வண்டி. அதுவா ஏற அதென்ன பேயா பிசாசா? வேகமாப் போனேன்னு சொல்லு, விட்டுடறேன்."

வீட்டுக்காரியும் எனக்குத்தான் ஒத்து ஊதினா. "உனக்கு எப்பவும் அவசரம்டா தம்பி"ன்னு அழுதா. அடுத்த வாரம் அவன் ஒத்தைக் கையோட வந்து சந்துல வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். முன் விளக்கு நொறுங்கிக் கிடந்துச்சே தவிர என்ஜின் கல்லு மாதிரி இருந்துச்சு. அவனே ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தான். வலது பக்கம்தான் திரும்புச்சு. சத்தம் ஏறலை. "பாத்தியா?"ன்னு சிரிச்சேன். அவன் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

இதோட நின்னிருந்தாலும் மனுஷன்னு சொல்லிக்கலாம். வேன் ஓனர் கடைக்குக் கண்ணாடி மாத்த வந்தார். பிள்ளைங்க வீட்டுல எல்லாம் பயப்படறாங்க, உங்க மச்சான் எப்படி ஆளுன்னு கேட்டார். "நல்ல பையன்தான் சார். கொஞ்சம் வேகம்"னு சொன்னேன். மறுநாளே அவன் வேனுக்கு வேற டிரைவரைப் போட்டுட்டார். எதுக்கு அப்படிச் சொன்னேன்? என் ட்யூனிங் மேல சொல் வந்துடக்கூடாது. அவ்வளவுதான்.

கட்டுப் பிரிச்ச வாரம், புது விளக்கு வாங்கி வந்தேன். அதை மாட்ட வெளிச்சம் பத்தலைன்னு வண்டியை முன்வாசலுக்குத் தள்ளிட்டு வந்தேன். மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணி, நல்லா நிக்குதான்னு பாக்க ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். இடது பக்கம் போனதும் என்ஜின் ஓன்னு கத்துச்சு.

நேராக்கினேன். அடங்குச்சு. திரும்ப இடது பக்கம். திரும்பக் கத்துச்சு. ஆக்ஸிலரேட்டர்ல என் கையே இல்லை.

டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். வலது கார்புரேட்டரோட கேபிள், குழாய்க்கு இடது பக்கமா விறைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. சுத்தும் முத்தும் பார்த்தேன். வீட்டுக்காரி உள்ளே துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கணும். என் கை என்ன பண்ணுச்சு தெரியுமா? கேபிளை உருவி, சரியான பக்கம் விட்டு, டேங்கை மூடி, நாலு போல்ட்டையும் இறுக்கிடுச்சு. பத்து நிமிஷம் கூட ஆகலை. திருடன் கூட இவ்வளவு சுத்தமாச் செய்ய மாட்டான்.

கையைக் கழுவிட்டு உள்ளே போறேன், மச்சான் வர்றான். மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்.

"மாமா, ஓனர் நாளைக்குக் காலையில இங்கே வர்றேன்னுட்டார். வண்டியைத் தெருவுல நிறுத்தி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கலாம்னு கெஞ்சி ஒத்துக்க வச்சேன். அன்னைக்குச் சந்துல இடது பக்கம் திருப்பவே இல்லைன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. ஏறுச்சுன்னா என் மேல தப்பில்லைன்னு ஆயிடும். வேலையும் திரும்பக் கிடைச்சிடும்."

"அப்படியா, சரிடா"ன்னேன். சாயங்காலம் முழுக்க இருந்துச்சு சொல்றதுக்கு. பல்லு வலிக்குதுன்னு சாப்பிடாமப் படுத்துக்கிட்டேன்.

காலையில ஓனர் வந்தார். வண்டியை நடுத்தெருவுல நிறுத்தினோம். மச்சானே உதைச்சான். ஒரே உதையில பிடிச்சுக்கிச்சு. ஹேண்டிலை மெதுவா இடது பக்கம் திருப்பினான், கடைசி வரைக்கும். சத்தம் இம்மி ஏறலை. திரும்ப நேராக்கித் திரும்பத் திருப்பினான். ஏறலை. வெடுக்குன்னு திருப்பினான். ஏறலை. ஏழெட்டுத் தடவை. அவன் நெத்தியில வேர்வை பொடிச்சு நின்னுச்சு. நான் அவன் மூஞ்சியைப் பாக்காம என் செருப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஓனர் குனிஞ்சு கேட்டுட்டு, "அடேங்கப்பா, இந்தப் பழைய வண்டி இப்படி ஒரே சீரா ஓடுதே! யார் சார் ட்யூனிங்?"ன்னார்.

"நான்தான்." அதைச் சொல்றதுக்கு மட்டும் என் வாய் திறந்துச்சு.

"தப்பா நினைக்காதப்பா. பிள்ளைங்க விஷயம், பாரு"ன்னு மச்சான் தோளைத் தட்டிட்டு ஓனர் கிளம்பிட்டார்.

மச்சான் வண்டியை நிறுத்தினான். சாவியை எடுத்து, ரெண்டு கையாலயும் எங்கிட்ட நீட்டினான். "மன்னிச்சிடுங்க மாமா. ஆறு வாரமா உங்க வண்டி மேல பழியைப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் சொன்னேன் பாருங்க: "பரவாயில்லை, விடுடா."

நாக்கு அழுகிப் போகலை எனக்கு.

உள்ளே போய் உக்காந்தான். அக்காக்காரி டீ கொண்டு வந்து வச்சா, அவன் தொடலை. வலது கையை விரிச்சு மடியில வச்சு அதையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"அக்கா, நான் முறுக்கலைன்னு சத்தியமா நினைச்சேன். இப்பக் கூட அப்படித்தான் ஞாபகம் இருக்கு. ஆனா முறுக்கியிருக்கேன். எனக்கே தெரியாம இந்தக் கை முறுக்கியிருக்கு. பதினாறு பிள்ளைங்க உக்காந்திருக்கிற வேனை நான் எப்படிக்கா ஓட்டுவேன்? இவர் திரும்பக் கூப்பிட்டாலும் போகக்கூடாது. வேற எவன் கூப்பிட்டாலும் போகக்கூடாது. ஸ்டீயரிங்கையே தொட மாட்டேன்."

"ஏன்டா இப்படியெல்லாம் பேசறே?"ன்னு அவ குரல் உடைஞ்சு போச்சு.

அதுக்கு மேல என்னால நிக்க முடியலை. வாசப்படியைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன். "கேபிள்டா. நான்தான் தப்பாப் போட்டிருந்தேன். இடது பக்கம் திருப்பினா அதுவா ஏறுச்சு. நேத்து சாயங்காலம் பார்த்தேன். பார்த்துட்டு… யாருக்கும் சொல்லாம சரி பண்ணி வச்சுட்டேன். நீ வர்றதுக்கு முன்னாடி."

அவ கையில இருந்த தட்டு அப்படியே நின்னுச்சு. என்னைப் பார்த்தா. பதினெட்டு வருஷத்துல அவ என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மச்சான் எந்திரிச்சு என் பக்கமா வந்தான். அறையப் போறான்னு நினைச்சேன். அறைஞ்சா தேவலைன்னு கன்னத்தைத் திருப்பாம நின்னேன். அவன் மூஞ்சியில கோவமே இல்லை. கண்ணு ரெண்டும் தளும்பி, சின்னப் புள்ளை மாதிரி ஆயிடுச்சு.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா, மாமா?"ன்னு கேட்டான்.