இந்த வருஷம் டி கிரேடு யாருக்கு

கேஜ் சோதிக்கும் பகுதியில் ஏழு பேர். அவர்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். கதை அவரைப் பற்றியது. நல்ல மனுஷன்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது.

கேஜ் என்றால் கொதிகலன்களிலும் குழாய்களிலும் அழுத்தம் காட்டுகிற கருவி. வட்ட முகம், ஒரு முள். புதிதாகச் செய்து வருகிற ஒவ்வொன்றையும் மேசையிலிருக்கும் மூல கேஜோடு சேர்த்து மாட்டி, கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்றி, இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. முள் பொய் சொன்னால் எங்கோ ஒரு கொதிகலன் முன்னால் நிற்கிறவன் உயிர் போகும்.

அந்த ஏழு பேரில் ஒருவருக்குக் கழுகு என்று பேர். கண்ணுக்காக வைத்த பேர். கேஜின் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார், முள் அடங்கும்வரை மூச்சு விடமாட்டார், "இது தேறாது" என்றால் தேறாதுதான். ஒருமுறை மற்றவர்கள் நல்லது என்று ஒதுக்கி வைத்திருந்த நாற்பது கேஜ் பக்கம் போனவர், பம்பை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "கைப்பிடி இவ்வளவு கனக்குது, முள்ளு இங்கயா நிக்கும்?" என்றார். பிரித்துப் பார்த்தால் மூல கேஜே பழுது. நாற்பதும் மறுசோதனைக்குத் திரும்பி வந்தது.

அவரும் சூப்பர்வைசரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாப்ளே, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சூப்பர்வைசர் பதவி முதலில் கழுகைத் தேடித்தான் வந்தது. "எனக்கு முள்ளைப் பார்க்கத் தெரியும், மனுஷங்களைப் பார்க்கத் தெரியாது. அவனுக்குக் குடுங்க" என்று கைகாட்டி விட்டது கழுகுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசருக்கு இது ஒருநாளும் மறந்ததில்லை, பாவம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்துக்கு ஞானோதயம் வந்தது. எல்லாப் பகுதியிலும் ஆட்களுக்கு கிரேடு போட வேண்டும். ஏ, பி, சி, டி. அதற்காக சூப்பர்வைசர்களையெல்லாம் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்தியவர் பலகையில் ஒரு மலை வரைந்தார். நடுவில் உயரமாக நிற்பது சுமாரான ஆட்கள், ஒரு ஓரம் கெட்டிக்காரர்கள், இன்னொரு ஓரம் மக்குகள். எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் இப்படித்தான் இருக்குமாம். அதனால் ஒவ்வொரு பகுதியிலும் ஒருவருக்காவது டி போட்டே ஆக வேண்டும். டி வாங்கினவருக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது, ஷிப்டு மாற்றம் கேட்க முடியாது. பயிற்சியின் முடிவில் மாலையும் கழுத்துமாகப் போட்டோ எடுத்து, சான்றிதழும் கொடுத்தார்கள். அதற்குச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார் சூப்பர்வைசர்.

திரும்பி வந்து மலையைப் பற்றிச் சொன்னதும் கழுகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏழு பேர்ல ஏதுடா மலை? ஏழு பேர் நின்னா வரிசைதான் வரும்."

அந்தப் பேச்சிலிருந்துதான் யோசனை பிறந்தது. வரிசை! யாரும் மக்கு இல்லை, ஆனாலும் யாராவது ஒருவர் டி வாங்கியே தீர வேண்டும் என்றால், முறை வைத்து வாங்கிக்கொண்டால் போச்சு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்த வரிசையை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதினார்கள். வருஷத்துக்கு ஒருவர். டி வாங்குகிறவருக்கு அந்த வருஷம் முழுக்க ராஜ உபசாரம். மெத்தை வைத்த ஒரே நாற்காலி அவருக்கு. சனிக்கிழமை மேசை துடைக்கிற வேலை அவருக்குக் கிடையாது. வாய் ஓயாத ஒருவர் இருந்தார், ரேடியோ என்று பேர். அவர் தன் வருஷத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மக்குப் பட்டத்துல இவ்வளவு சுகம்னு தெரிஞ்சிருந்தா சின்ன வயசுலயே வாங்கியிருப்பேன்" என்று அலட்டிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை.

டி போட்டால் காரணமும் எழுத வேண்டும். முதல் வருஷம் சூப்பர்வைசர் மண்டையை உடைத்துக்கொண்டு மூன்று வாக்கியம் எழுதினார். 'வேலையில் மந்தம். கவனக்குறைவு. சொன்னாலும் திருத்திக்கொள்வதில்லை.' அடுத்த வருஷமும் அதே. அதற்கடுத்த வருஷமும் அதே. பேரை மட்டும் மாற்றுவார். மேலே யார் படிக்கப்போகிறார்கள்? கேஜில் நூலளவு பிசகினால் தூக்கி எறிகிற ஆட்கள், இந்தக் காகிதத்தில் மட்டும் வாய்க்கு வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. கழுகின் முறை மூன்றாவது வருஷத்திலேயே முடிந்துவிட்டது. ஏழாவதும் கடைசியுமாக மிச்சம் இருந்தது புதுசு. வந்து எட்டு வருஷம் ஆகியும் அந்தப் பெண்ணுக்குப் புதுசு என்ற பேர் போகவில்லை. அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. காலை ஷிப்டிலேயே இருந்தால்தான் மதியம் போய் மருந்து கொடுக்க முடியும். ஷிப்டு மாற்றம் கேட்டு எழுதியிருந்தாள். டி விழுந்தால் அந்தக் கடிதம் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டே நின்றாள். கழுகுதான் புரிந்துகொண்டார்.

"என் பேர்ல எழுதுடா மாப்ளே. எனக்கு எந்த ஷிப்டா இருந்தா என்ன? மெத்தை நாற்காலியும் கிடைக்கும். இடுப்பு வேற வலிக்குது."

"ரெண்டாவது தடவையா மச்சான்?"

"ஆமா, உலகம் அழிஞ்சிடுமா? எழுது, எழுது."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். அதே மூன்று வாக்கியம். காகிதம் மேலே போனது. நாற்காலியைத் தூசி தட்டி கழுகின் மேசைக்கு நகர்த்திவிட்டது புதுசுதான். அவள் கண்ணில் தண்ணீர்.

பதினொரு நாள் கழித்து சுற்றறிக்கை வந்தது. டி கிரேடு இரண்டு முறை வாங்கியவர்கள் மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள்.

அந்தப் பகுதியில் ஆளுக்கு ஒரு டி, புதுசுக்கு அதுவும் இல்லை. இரண்டு வாங்கின ஒரே ஆள் கழுகு. ஊருக்கெல்லாம் கண்ணாக இருந்தவருக்கு வந்த கதியைப் பாருங்கள்! அறிக்கையைப் படித்த சூப்பர்வைசர் அலமாரிக் கதவைத் திறந்து அந்தப் பென்சில் வரிசையை இன்னொரு முறை பார்த்தார். ரேடியோ அறிக்கையை வாங்கித் தானும் இரண்டு முறை படித்தார். கழுகு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பதறாதீங்கப்பா. மாப்ளே மேல போய்ப் பேசுவான்" என்றார்.

மேலே போகக் கிளம்பிய சூப்பர்வைசரின் பின்னாலேயே புதுசு படி வரைக்கும் ஓடி வந்தாள். "அண்ணே, அது என் முறை அண்ணே. என் பேரை எழுதுங்க. எனக்கு இதுதான் மொத தடவை, யாருக்கும் வேலை போகாது. ஷிப்டு போனாப் போவுது. மாமியாரை நான் எப்படியாவது பார்த்துக்கறேன்."

மேனேஜர் புதியவர். கத்துகிற ஆள் இல்லை. சூப்பர்வைசரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். இவர் தப்பாக எழுதிவிட்டதாகவும் ஆளை மாற்ற வேண்டும் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து ஏழு காகிதங்களை எடுத்து வரிசையாக மேசையில் பரப்பினார். ஏழு வருஷம், ஆறு பேர், ஒரே மூன்று வாக்கியம்.

"ஆறு பேருமே மந்தமா?" என்று கேட்டார்.

 சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முறை வைத்ததை, சீட்டுக் குலுக்கியதை, எல்லாவற்றையும்.

"இதை என்கிட்ட சொன்னா பத்தாதுங்க" என்றார் மேனேஜர். "எழுதிக் குடுங்க. கிரேடு போட்டது பொய்னு நீங்களே கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்பறேன். அவர் வேலை தப்பிச்சிடும். உங்களைப் பத்தி என்ன முடிவு எடுப்பாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. சுற்றறிக்கையில மூணாவது பத்தியைப் படிச்சீங்கல்ல? நாலு மணி வரைக்கும் இருக்கேன்."

மூன்றாவது பத்தி: பொய்யாக கிரேடு போட்ட அதிகாரிகளும் நீக்கப்படுவார்கள்.

ஒரு வெள்ளைக் காகிதத்தை வாங்கிக்கொண்டு தன் அறைக்கு வந்தார். அறை என்றால் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கூண்டு. வெளியே ஏழு மேசையும் தெரியும். யாரும் இவரைப் பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டு கேஜைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 'ஐயா' என்று எழுதினார். எழுதினது அவ்வளவுதான். மூத்த மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. சின்னவனுக்கு நாலு வருஷம். ஐம்பதைத் தொடப்போகிறவனை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? கழுகுக்கும் அதே வயசுதான், அது அவருக்குத் தெரியும். ஆனால் கழுகுக்குக் கையில் தொழில் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும். தனக்கு என்ன இருக்கிறது? ஒரு கண்ணாடிக் கூண்டும் சட்டம் போட்ட சான்றிதழும். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனால் கடிகாரம் நிற்குமா? நாலு அடித்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே போகிற மாதிரிப் படியேறிப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததும் கழுகு எழுந்து நின்றார்.

"எழுதிக் குடுத்துட்டேன் மச்சான்" என்றார் சூப்பர்வைசர். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதினேன். மேலிடம் கேக்கல. பேசிப் பார்த்தேன், காலைப் புடிக்காத குறைதான்."

"அடப்பாவி! மூணாவது பத்தி தெரிஞ்சுமா எழுதின?" கழுகு அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "கூறு கெட்டவனே, ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடா இந்த வேலை? நல்லவேளை, உன்னை விட்டாங்களே."

கட்டிப் பிடித்துக்கொண்டார். கழுகின் மார்பு அழுத்தியபோது பைக்குள் இருந்த காகிதம் நொறுங்குகிற சத்தம் சூப்பர்வைசருக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் கழுகு போனார். போவதற்கு முன்னால் அன்றைக்கு மேசைக்கு வந்த கேஜ் அத்தனையையும் பார்த்து முடித்தார், இரண்டைத் தள்ளி வைத்தார், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். புதுசு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கழிவறையில் போய் நின்றுகொண்டாள்.

ஆறு வாரம் கழித்து சூப்பர்வைசரின் செல்போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. மதிய இடைவேளை. மாடிப்படியில் ஒரு ஈ காக்கை இல்லை. இன்னொரு தொழிற்சாலையிலிருந்து பேசுகிறோம் என்றார்கள். பேசியது மரியாதையான ஒரு பெண் குரல்.

"உங்ககிட்ட வேலை பார்த்தவர் ஒருத்தரை நாங்க எடுக்கலாம்னு இருக்கோம். சோதனை வச்சோம், பிரமாதமாப் பண்ணினார். ஏன் அங்கேருந்து போனீங்கன்னு கேட்டதுக்கு உங்க நம்பரைக் குடுத்து, எல்லாம் இவருக்குத் தெரியும், இவரைக் கேளுங்கன்னார். உங்க ஆபீசுக்கும் லெட்டர் போட்டிருக்கோம். சொல்லுங்க சார், ஆள் எப்படி?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இந்த ஊரிலேயே அவரை மாதிரி கண் யாருக்கும் கிடையாது. பக்கத்தில் மேனேஜர் இல்லை, காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஆபீசுக்கும் லெட்டர் போட்டிருக்கிறார்களே! அங்கிருந்து கோப்பில் உள்ளதை அனுப்புவார்கள். இவர் ஒன்று சொல்லி அது ஒன்று சொன்னால், எது பொய் என்று யாராவது கேட்க மாட்டார்களா? அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி எந்த மேசைக்கு வந்து நிற்கும்?

"ஹலோ, சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றார். "கோப்புல இருக்கறதுதான். வேலையில கொஞ்சம் மந்தம். கவனக்குறைவு." மூன்றாவது வாக்கியம் தானாகவே வந்து விழுந்தது. ஏழு வருஷப் பழக்கம். "சொன்னாலும் திருத்திக்கறதில்லை."

"அப்படியா?" அந்தப் பெண்ணுக்கே நம்ப முடியவில்லை. "சரிங்க சார். உண்மையைச் சொன்னதுக்கு நன்றி."

சாயங்காலம் ஷிப்டு முடிந்து வாசலுக்கு வந்தபோது மறுபடி போன் அடித்தது. கழுகு. சந்தோஷம் குரலில் வழிந்தது.

"மாப்ளே, அவங்க போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"என்னடா சொன்ன?"

வாசலில் ஆட்கள் முட்டி மோதிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"நல்லவிதமாச் சொன்னேன் மச்சான்."

"தெரியும்டா. அதான் ஆபீஸ் நம்பரைக் குடுக்கல, உன் நம்பரைக் குடுத்தேன்" என்றார் கழுகு. "இந்த வேலை கிடைச்சா அது உன்னாலதான். வீட்டுலயும் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன்."