கால்சட்டைப் பையில் சங்கு

மாமனார் குனிந்து எதையோ எடுத்ததை மருமகள் பார்த்தாள். பவளத்திட்டின் ஓரத்தில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. முகக்கண்ணாடியோடு தலையை அமுக்கி மணலைத் துழாவியவர், விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எதையும் தொடாதீங்க, எதையும் எடுக்காதீங்க" என்று வழிகாட்டியாக வந்த பெண் காலையிலேயே மூன்று முறை சொல்லியிருந்தாள். ஆனாலும் மருமகள் வாயைத் திறக்கவில்லை. அறுபத்தேழு வயது மாமனாரை, படகில் கூட வந்த ஆறு அந்நியர்கள் முன்னால் எப்படிக் கண்டிப்பது? கணவன் இருந்தால் கண்ணைக் காட்டியிருக்கலாம். அவன் கடைசி நேரத்தில் வேலையில் மாட்டிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இருவரும் தனியாக வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. வீட்டில் "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சும்மா" என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு நீண்டதில்லை.

படகு திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் வழிகாட்டி ஒரு படத்தாளை விரித்தாள். பார்த்ததையெல்லாம் ஆளாளுக்குத் தொட்டுக் காட்டினார்கள்: ஆமை, திருக்கை, பாறையைக் கொறிக்கும் கிளிமீன். அவள் விரல் ஒரு மூலைக்குப் போனது. "இதைப் பாத்தா மட்டும் ஒதுங்கிப் போயிடணும். கூம்புச் சங்கு. உள்ள உயிரோட இருக்கும். ஊசி மாதிரி ஒரு முள்ளால மீனையே குத்திக் கொன்னுடும்."

வெள்ளை ஓட்டில் பழுப்பு நிற வலைக்கோடுகள். மாமனார் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலும் அதே கோடுகள்தான்.

"மாமா, பையில இருக்கிறதைக் காட்டுங்க."

"பையில என்னம்மா? ஒண்ணுமில்ல." அவர் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்ததை நான் பாத்தேன் மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். மானம் போன முகத்தோடு அவர் பைக்குள் கையை விடப் போனார்.

"கையை வைக்காதீங்க ஐயா. அப்படியே நில்லுங்க." வழிகாட்டி முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்து, துணியை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, பையைச் சுற்றி வெட்டினாள். கனத்தோடு அது வாளிக்குள் விழுந்தது. சற்று நேரத்தில் துணி மடிப்பிலிருந்து மெல்லிய குழல் ஒன்று நீண்டு வாளியின் சுவரைத் தடவியது.

"குத்துச்சா?" என்று கேட்டாள் வழிகாட்டி.

"எடுக்கும்போது லேசா. நாப்பது வருஷம் தையல் மிஷின்ல உக்காந்தவனுக்கு ஊசி குத்துறதெல்லாம் ஒரு விஷயமா?" என்றவர் நாக்கால் உதட்டைத் தடவினார். "உதடுதான் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு."

வழிகாட்டி படகோட்டியிடம் திரும்பினாள். "நேரா கரைக்கு. எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு."

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்" என்றார் படகோட்டி.

விரலிலிருந்து தோள்வரை இறுக்கிக் கட்டுப் போட்டார்கள். வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் மாமனாரின் இமைகள் தொங்கின. "ரெண்டு ரெண்டா தெரியுதும்மா" என்றார், குழறலாக. பிறகு பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் மார்பும் அசையவில்லை.

"இதயம் ஓடுது. மூச்சுவிடுற தசையைத்தான் விஷம் கட்டிப்போட்டிருக்கு" என்றாள் வழிகாட்டி. "நாம மூச்சு குடுத்துட்டே இருந்தா பொழைச்சுக்குவார். படகு குதிக்குது, நான் தலையைப் பிடிச்சுக்கிறேன். மூக்கை அழுத்திட்டு வாயில ஊதுங்க. நான் சொல்லும்போதெல்லாம்."

மருமகள் மண்டியிட்டாள். ஐந்து வருடத்தில் அவர் கையைக்கூடத் தொட்டதில்லை. குனிந்து ஊதினாள். உப்புக் கரித்தது. மார்பு எழுந்து தாழ்ந்தது.

"இப்போ."

மறுபடி ஊதினாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இந்த வயசுல சங்கு பொறுக்கணுமா?" என்றாள். ஊதினாள். "முட்டாள், முட்டாள் மனுஷன். உங்க பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" ஊதினாள். "பாத்துட்டும் சும்மா இருந்தேனே. அப்பவே கத்தியிருக்கணும்." கண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது. தலை சுற்றியது. வழிகாட்டி இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றபோதும் அவள் நகரவில்லை.

படகுத்துறையில் ஆம்புலன்ஸ் ஆட்கள் குதித்து ஏறி அவளை விலக்கித் தூக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் மூச்சுக் கருவியை எடுத்தார்கள். "இந்த விஷத்துல உடம்பு அசையாது, ஆனா நினைவு போகாது" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் இருந்த அறைக்குள் போகவே கால் வரவில்லை. செய்தி கேட்டு ஓடி வந்திருந்த கணவன் மருந்து வாங்கப் போனபோதுதான் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"உக்காரும்மா" என்றார். தொண்டை கட்டியிருந்தது. "அந்த வலைப்பின்னல் இருக்கே, அப்படி ஒண்ணை எந்தத் துணியிலயும் நான் பாத்ததில்ல. அதான் கை நீண்டுடுச்சு."

"நான் பேசினதெல்லாம் கேட்டுச்சா மாமா?"

"ஒண்ணு விடாம."

"மன்னிச்சிடுங்க. பதட்டத்துல..."

"நீ திட்டுறதை நிறுத்தினா அடுத்த மூச்சு வருதுன்னு அர்த்தம். அதுக்காகவே காத்துட்டிருந்தேன்." கொஞ்சம் இளைப்பாறிவிட்டுச் சொன்னார்: "ஆனா முட்டாள்னு மூணு தடவை சொன்ன."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவைதான் மாமா."