பாப்பாவுக்கு ஏத்த துப்பாக்கி

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்து எங்கள் ஊரில் வெர்லினின் துப்பாக்கிக் கடைக்கு ஆண் வந்தால், "எதுக்கு வேணும்?" என்று கேட்பார். பெண் வந்தால் ஒன்றும் கேட்க மாட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து, பாதிரியார் அப்பம் தருகிற பாவனையில் நீட்டுவார்.

ரோவெனாவுக்கும் அதுதான் கிடைத்தது. ஒல்லியான உடம்பு, சின்னக் கை. ஷெரீப் ஆபீஸில் காவலர் வேலைக்கான சுடும் தேர்வில் ஒரு தடவை தோற்றிருந்தாள். ஆபீஸ் துப்பாக்கியின் பிடி அவள் கைக்கு அடங்கவில்லை. சொந்தத் துப்பாக்கியோடு வரலாம் என்று ஷெரீப் இறங்கிவந்தார். அன்று மதியம் கடைசி வாய்ப்பு. தவறினால் பழையபடி மோட்டலில் அறை கூட்டிப் படுக்கை விரிக்கிற வேலைதான்.

கடைக்குப் பின்னால் இருந்த சுடுதளத்தில் அந்தக் குட்டித் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தாள். அது கையிலிருந்து துள்ளியது. கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்தது. குண்டு இலக்கை விட்டுவிட்டு மண்மேட்டில் புழுதி கிளப்பியது.

"பிடிக்கிறதுல கோளாறு, பாப்பா," என்றார் வெர்லின்.

"பாப்பா இல்ல, ரோவெனா. நீங்க இதச் சுட்டிருக்கீங்களா?"

"எத்தன வருஷமா விக்கிறேன் தெரியுமா?"

"அதக் கேக்கல."

ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "சுட்டுத்தான் காட்டேன்யா. பாப்பாங்களுக்குக் குடுக்குற சாமான், உன்ன என்ன பண்ணிடப் போவுது?"

வேட்டையாடின மானைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போடுகிற மனுஷன் வெர்லின். இரண்டாவது குண்டிலேயே, கொதிக்கிற சட்டியைத் தொட்டவர்போலக் கையை உதறினார். அவர் கட்டைவிரலிலும் தோல் உரிந்திருந்தது.

"எடை கம்மி. அதான் உதைக்குது," என்றார், அப்போதுதான் கண்டுபிடித்த விஞ்ஞானியாக. "கைப்பையில வச்சுக்க நல்லாருக்கும்."

"பையிலயே இருக்கட்டும்," என்ற ரோவெனா, உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்த ஒன்றைக் காட்டினாள். முழுக்க இரும்பு, நீளமானது, ஆனால் பிடி மட்டும் மெலிசு.

"அது ரொம்பப் பாரம்மா. ஆம்பளைங்களே யோசிப்பாங்க."

"பாரமா இருந்தா உதைய அதுவே வாங்கிக்கும்ல?"

குண்டில்லை என்று திறந்து பார்த்துவிட்டு, சுவரை நோக்கிப் பிடித்தாள். மணிக்கட்டைத் திருகாமலே விரல் விசைக்கு எட்டியது. பிறகு சுடுதளத்துக்கு வந்து, குண்டு போட்டு, சுட்டாள்.

துப்பாக்கி லேசாகத் தலையாட்டிவிட்டு, பழைய இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி சுட்டாள். மறுபடியும். இலக்குத் தாளில் ஓட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டையாக விரிந்தன. அவள் தோள் அசையவில்லை. அந்தச் சின்ன உடம்பில் எங்கிருந்து வந்தது அந்த நிதானம்? தேசிய கீதத்துக்கும் சாவுக்கும் மட்டும் கழற்றுகிற என் தொப்பி கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.  

மதியத் தேர்வுக்கு நாங்களும் போனோம். ரோவெனா சுட்ட தாளை ஷெரீப் வெயிலுக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "திங்கக்கிழம வேலைக்கு வந்துரும்மா," என்றவர், வெர்லினிடம் திரும்பினார். "நல்ல துப்பாக்கியாத்தான் எடுத்துக் குடுத்திருக்க."

வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினார். அப்புறம் தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"நான் எங்க குடுத்தேன்? ரோவெனாதான் எடுத்துச்சு."